மாதிரித் தோல்

பினாங்கில் நான் வேலை பார்க்கும் சிறிய ஆய்வுக்கூடத்துக்கு மாதம் ஒருமுறை வேலூரிலிருந்து ஒரு பெட்டி வரும். பிரித்தால் உள்ளே ஒட்டி எடுத்த பிளாஸ்திரிகள் இருக்கும். மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதுதான் பிழைப்பு. ஒவ்வொன்றையும் உருப்பெருக்கியின் அடியில் வைத்து, அதிலிருந்த நுண்ணூசிகள் ஒழுங்காகக் கரைந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் வந்தால், அதற்குத் தீனி போடுவது பெரும்பாலும் அவர்களுடைய ஆண் ஹார்மோன்தான். அதைச் சுரக்கச் சொல்லி மூளையிலிருந்து ஒரு தூது ஹார்மோன் இறங்கி வரும். அந்தத் தூதனே எதிரி என்று உடம்புக்குக் கற்றுக்கொடுப்பதுதான் எங்கள் தடுப்பு மருந்து. உடம்பு தூதனை வழியிலேயே பிடித்துவிடும். சேதி போகாது, ஆண் ஹார்மோன் வற்றும், கட்டி பட்டினி கிடக்கும். பண்ணைகளில் ஆண் பன்றிகளுக்கு இந்த வித்தையைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். மனிதர்களுக்கு இன்னும் பரிசோதனைக் கட்டம்.

மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் வேறு யாரோ. ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடக்காமல், வலிக்காமல், வீட்டிலேயே அதை உடம்புக்குள் சேர்ப்பது எப்படி என்பது எங்கள் பாடு. தபால்தலை அளவில் ஒரு பிளாஸ்திரி செய்தோம். அடிப்பக்கம் ஒன்பது வரிசை, வரிசைக்கு ஒன்பது நுண்ணூசிகள். மேல்கையில் ஒட்டி அழுத்தினால் சர்க்கரை மாதிரி தோலுக்குள் கரைந்துவிடும். மாதாமாதம் நோயாளிக்கு ஒரு பொட்டலம் போகும். அதில் மருந்தில்லாத பழகு பிளாஸ்திரி ஒன்று, மருந்துள்ளது ஒன்று, தோல் நிறத்தில் ஒரு ரப்பர்த் துண்டு. முதலில் ரப்பரில் ஒட்டிக் கையைப் பழக்கிக்கொண்டு, பிறகு மருந்துள்ளதைத் தன் கையில் ஒட்ட வேண்டும். இரண்டையும் உறையில் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். எப்படிச் செய்வது என்ற தமிழ்க் குறிப்பை எழுதியது நான். கூடத்தில் தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

பதினோராம் எண் நோயாளிதான் எங்களைக் குழப்பினார். ஆம்பூர்க்காரர், வயது அறுபத்து மூன்று, தோல் பதனிடும் ஆலையில் வேலை. மூன்று மாதமாக அவருடைய பிளாஸ்திரி ஊசிகள் சுத்தமாகக் கரைந்து வந்தன. ரத்தத்தில் மட்டும் மருந்து போனதற்கான சுவடே இல்லை. "நாற்பது வருஷம் சுண்ணாம்பிலும் ரசாயனத்திலும் ஊறிய ஆள். அவர் தோலே பதப்பட்டுப் போயிருக்கும். போய் அளந்து பார்த்துவிட்டு வா" என்றார் எங்கள் மேலாளர்.

கிளம்புவதற்கு முந்தின நாள், யாரும் பார்க்காத பழகு பிளாஸ்திரிகளைச் சும்மா எடுத்துப் பார்த்தேன். மற்றவர்களுடையதில் ஊசிகள் வளைந்திருந்தன, முறிந்திருந்தன. ரப்பரில் அப்படித்தான் ஆகும். கரைய வேண்டுமென்றால் ஈரமும் சூடும் வேண்டும், உயிருள்ள தோல் வேண்டும். பதினோராம் எண்ணின் உறைகளில் மட்டும், மூன்று மாதமும், இரண்டு பிளாஸ்திரியுமே கரைந்திருந்தன.

நான் விளக்கை அணைக்காமலேயே வீட்டுக்குப் போய்விட்டேன்.

வேலூரில் என்னை வரவேற்றது வங்காளம். ஆஸ்பத்திரித் தெருவில் விடுதிப் பலகை, மருந்துக்கடைப் பலகை, சாப்பாட்டுக்கடைப் பலகை எல்லாம் வங்க எழுத்து, அங்கிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்காக. விடுதிக்காரர் என்னைப் பார்த்ததும் மூச்சு விடாமல் வங்காளத்தில் பேச ஆரம்பித்தார். "எனக்குத் தமிழ் தெரியும் ஐயா" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "தமிழா? இது இன்னா ஊரு தமிழு?" என்று கேட்டார். மலேசியத் தமிழ் என்று சொல்லிப் பாஸ்போர்ட்டைக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

முதல் நாள் மதியம் ஒரு மீன்சோற்றுக் கடையில் சாப்பிட்டேன். பினாங்கில் நான் சாப்பிடும் மீன் குழம்புக்கும் இதற்கும் வெகுதூரம். கடுகு அரைத்த குழம்பு மூக்கில் ஏறியது. பக்கத்து மேசையில் ஒரு வயதான தம்பதி. இருவர் மடியிலும் பெரிய எக்ஸ்ரே உறை. அந்த அம்மாள் ஏதோ அதட்டினாள். பரிமாறிய பையன் சிரித்துக்கொண்டே எனக்கு மொழிபெயர்த்தான்: "முள்ளைப் பார்த்துச் சாப்பிடு, இத்தனை தூரம் வந்தது முள்ளில் சாகவான்னு கேக்குறாங்க." அந்தத் தெருவில் நடந்த எல்லோர் கையிலும் அப்படி ஒரு உறை இருந்தது. ஊரே தன் எலும்புகளைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பதாக எனக்குத் தோன்றியது. வெயில்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன்.

எங்கள் பரிசோதனையை நடத்தும் மையம் பாகாயம் பக்கம், ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே செவிலியர் ஸ்டெல்லா. (பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன்.) நாற்பது வயது, பேச்சில் படபடப்பு, வேலையில் சுத்தம். பதினோராம் எண்ணைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏழுமலை அண்ணனா? தங்கமான ஆளு மேடம். ஒரு தடவ கூட லேட்டா வந்ததில்ல. மொதல்ல அவருக்கு மூணு மாச ஊசி ஒண்ணு போட்டாங்க. இன்னா பேஜாருன்றீங்க! எலும்பெல்லாம் வலி புடிச்சு நாலு நாளு கட்டில விட்டு எறங்கல. புள்ளதான் கைக்கொழந்த மாதிரி தூக்கினு போய்த் தூக்கினு வந்தாரு. அதுக்கப்புறம் ஊசின்னாலே ரெண்டு பேருக்கும் பயம். அதான் நம்ம பிளாஸ்திரிக்கு ஒத்துக்கினாங்க."

"யாருக்கு ஒட்டிக் காட்டினீர்கள்?"

"அண்ணனுக்குத்தான். புள்ளைக்கு ஷிப்ட்டு. நீங்க எழுதுன நோட்டீச வீட்ல புள்ள படிச்சுப் பாத்துக்குவாருன்னு அண்ணன் சொன்னாரு." ஸ்டெல்லா சற்றுக் குரலைத் தாழ்த்தினார். "மேடம், ரத்தத்துல ஒரு மாத்தமும் தெரியல. நோய் நம்பரு ஏறிக்கினே போவுது. அடுத்த தடவையும் ஏறுனா டாக்டர் இத நிறுத்திட்டு வேற ஊசிக்கு மாத்திடுவாரு."

இரண்டாம் நாள் காலை ஆம்பூருக்குப் பேருந்து ஏறினேன். நடத்துநரிடம் கேட்டுவிட்டுத்தான் ஏறினேன். தலையை ஆட்டினார். ஒரு மணி நேரம் கழித்து நெடுஞ்சாலை மேம்பாலத்தின் நட்டநடுவில் வண்டி நின்றது. "ஆம்பூரு எறங்கு!" எட்டிப் பார்த்தால் ஊர் காலுக்குக் கீழே கிடக்கிறது. "உள்ளே போகாதா?" என்றேன். "இது பைபாஸ் ரைடர்மா. உள்ள போவாது" என்று விசில் கொடுத்துவிட்டார். லாரிகள் என் முந்தானையை இழுத்துக்கொண்டு போக, ஓரமாகவே நடந்து, ஒரு சரிவில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பினாங்கில் பேருந்து ஓட்டுநர்களைத் திட்டிக் கடிதம் எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. இனி எழுத மாட்டேன்.

அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஆலை நெருங்குவதற்கு முன்பே வாசம் வந்து சேர்ந்தது. ஒரு பெண் தன் பாட்டுக்குப் பூ கட்டிக்கொண்டு வந்தாள். நான் மூக்கைப் பொத்தியதைப் பார்த்து, "ரெண்டு நாளு இருந்தீங்கன்னா தெரியாது" என்றாள். ஆறுதலாகச் சொன்னாளா பயமுறுத்தினாளா என்று தெரியவில்லை.

ஆலைக்குள் வீட்டு உயரத்துக்கு மர உருளைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றை டிரம் என்கிறார்கள். உள்ளே தோல்கள் புரண்டு விழும் சத்தம், யாரோ கனமாகப் படுக்கையில் திரும்பிப் படுப்பது போல, விட்டு விட்டுக் கேட்டது. பதனிடும் குரோம் உப்பில் ஊறிய தோல்கள் வெளிர்நீலமாக வெளியே வந்தன. ஈரமாக, நான்கு கால் இருந்த இடமும் கழுத்தும் தெரிய, பலகைமேல் கவிழ்ந்து கிடந்தன. அந்த நீலத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை, பார்க்கவும் விரும்பவில்லை.

ஏழுமலை டிரம் மேஸ்திரி. மெலிந்த, உயரமான மனிதர். "வாங்க மேடம். மலேசியாலேர்ந்து எனக்காவா வந்தீங்க?" என்று கூச்சப்பட்டார். சாப்பாட்டு நேரம் வரை காத்திருக்கச் சொல்லி, பக்கத்துக் கூடத்தில் உட்கார வைத்தார். அது தோலைத் தரம் பிரிக்கும் இடம். முப்பது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒருவர் ஒவ்வொரு தோலாக விரித்து, விரல்நுனியால் தடவி, கட்டைவிரலால் குறி போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"இது முள்ளு கிழிச்சது. இது உண்ணி கடி. இந்த மாடு நெறைய நாளு ஒரே பக்கமா படுத்திருக்கு" என்றார், நான் பார்ப்பதைப் பார்த்து. பிறகு என் கையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குச் சின்ன வயசுல எண்ண தெறிச்சிருக்கு. ஒம்போது, பத்து வயசுல" என்றார்.

சரியாகச் சொல்லிவிட்டார். அது ஒன்பதாவது வயதில் அம்மாவின் அடுப்படியில் நடந்தது. தழும்பு எனக்கே தெரியாத அளவு மங்கிவிட்டது.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் சட்டென்று சிவந்து, நெற்றியிலிருந்து வேர்வை கொட்டியது. மின்விசிறி தலைக்கு நேர் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். ஒரு நிமிடத்தில் எல்லாம் அடங்கியது. "ஒண்ணுமில்ல மேடம், சூடு ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு அடுத்த தோலை விரித்தார். அவர்தான் ஏழுமலையின் மகன் தாமோதரன் என்று பிறகு தெரிந்தது.

மதியம் வீட்டில் ஏழுமலை சட்டையைக் கழற்றிக் கையை நீட்டினார். முழங்கைக்குக் கீழே மரப்பட்டை. மேல்கை சாதாரணத் தோல். தோலின் தடிமனை அளக்கும் கருவியை மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தேன். என் தோலைவிட மெல்லிசாகவே இருந்தது. மேலாளரின் ஊகம் அங்கேயே செத்தது.

எங்கள் மருந்து நம் நிறத்துத் தோலில் இறங்கினால், ஒன்பதுக்கு ஒன்பது புள்ளிகள் கறுத்துப்போய் மாதக்கணக்கில் நிற்கும். எல்லா நோயாளிகளுக்கும் நின்றிருக்கிறது. ஏழுமலையின் கையில் அப்படி ஒன்றும் இல்லை. கடைசியாக ஒட்டிய இடத்தில் லேசாக ஒரே ஒரு சதுரம், அதுவும் மறையும் தறுவாயில். மருந்தில்லாத பிளாஸ்திரி அப்படித்தான் மறையும்.

"ஐயா, யார் உங்களுக்கு ஒட்டிவிடுவது?"

"பையன்தான். எனக்குக் கண்ணு மட்டு."

"ஒரு தடவைக்கு ஒன்றா, இரண்டா?"

"ஒண்ணுதான். ஏன் மேடம்?"

"இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?"

"நானும் அவனும்தான். அவங்கம்மா போய் ஆறு வருஷமாச்சு" என்றார்.

மூன்று மாதம், மாதத்துக்கு இரண்டு பிளாஸ்திரி, இரண்டும் உயிருள்ள தோலில் கரைந்திருக்கின்றன. ஒன்று இந்தக் கையில். இன்னொன்று எந்தக் கையில்?

தாமோதரன் பிரியாணி வாங்கி வந்தார். சீரகச் சம்பா, காய்ந்த மிளகாய் அரைத்த சிவப்பு, பக்கத்தில் புளிப்பாகக் கத்திரிக்காய். இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம், ஆனால் அன்று எனக்கு ருசி பதியவில்லை. தாமோதரன் இரண்டு வாய்தான் சாப்பிட்டார். ஏழுமலை உள்ளே போய், மூலைகளில் மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். "அடுத்த மாசம் இவனுக்குக் கல்யாணம் மேடம். பொண்ணு குடியாத்தம். இங்க ஷூ கம்பெனியிலதான் வேல. பேரு பவானி. அத முடிச்சுட்டா எனக்கு நோய் இருந்தாலும் ஒண்ணுதான், போனாலும் ஒண்ணுதான்."

"நைனா, சும்மா இருங்க" என்றார் தாமோதரன். அந்தப் பக்கம் அப்பாவை நைனா என்கிறார்கள்.

பேருந்து நிலையம் வரை தாமோதரன் பைக்கில் கொண்டுவிட்டார். நான் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தேன். பாலாற்றுப் பாலத்தில் காற்று வந்தது. கீழே தண்ணீர் இல்லாத ஆறு, மணலும் சீமைக் கருவேலமுமாக. காற்று அவருடைய அரைக்கைச் சட்டையைத் தூக்கி, தோள்பட்டை வரை சுருட்டியது. என் கண்ணுக்கு நேரே, ஒரு முழம்கூட இல்லாத தூரத்தில், மூன்று கறுப்புச் சதுரங்கள். ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒழுங்காக, ஒன்பதுக்கு ஒன்பது.

அந்தச் சதுரத்தை நான் ஆயிரம் முறை வரைந்திருக்கிறேன். எங்கள் பட்டியலில் இல்லாத ஒரு மனிதனின் தோலில் அது இருந்தபோது, நான் பத்திரமாகப் பூட்டி வைத்த ஏதோ ஒன்று எனக்கு முன்னால் கடல் தாண்டி வந்து உட்கார்ந்திருப்பது போல இருந்தது. "வண்டியை நிறுத்துங்கள்" என்று கத்தினேன். செருப்பு விழுந்துவிட்டது என்று நினைத்து நிறுத்தினார்.

பாலத்துச் சுவரோரம் நின்று கேட்டேன். அவர் கொஞ்சமும் மறைக்கவில்லை.

"ஆமா மேடம், நான்தான் ஒட்டிக்கினேன். நீங்கதான எழுதியிருக்கீங்க?" செல்போனில் வைத்திருந்த படத்தை எடுத்துக் காட்டினார். என் குறிப்பு. நான்காவது வரி: 'நோயாளிக்கு ஒட்டும் முன் மாதிரித் தோலில் ஒட்டிப் பார்க்கவும். நன்றாக வந்தால் மட்டும் நோயாளிக்கு ஒட்டவும்.'

"மாதிரித் தோல் என்றால் அந்த ரப்பர்த் துண்டு!"

அவர் என்னை உண்மையான ஆச்சரியத்தோடு பார்த்தார். "அதுவா? அது ரெக்ஸின் மாதிரி எதோ இருந்துச்சு. பேக்கிங்னு தூக்கிப் போட்டேன். அதப் போய்த் தோலுன்னு எவன் மேடம் சொல்லுவான்?"

ஆம்பூரில் எவனும் சொல்ல மாட்டான். எனக்குத்தான் அது உறைக்கவில்லை.

"எங்க வேலைல புது கெமிக்கல் எது வந்தாலும் நேரா டிரம்ல போட மாட்டோம்" என்று அவர் பொறுமையாக விளக்கினார். "ஓரமா ஒரு துண்டு வெட்டி, அதுக்கு மொதல்ல போட்டுப் பாப்போம். அதான் சாம்பிள். வேற தோல்ல பாத்தா செல்லாது. அதே தோலா இருக்கணும். நைனாவுக்கு அதே தோலு நான்தான? எங்கம்மா இல்ல, கூடப் பொறந்தவங்க இல்ல."

"பழகு பிளாஸ்திரியை ஒட்டிப் பார்த்திருக்கலாமே?"

"தண்ணிய ஊத்தி டெஸ்ட் பண்ணா கெமிக்கலு எப்படின்னு தெரியுமா? மருந்து இருக்கறதத்தான் போடணும். மருந்து இல்லாதத நைனாவுக்கு ஒட்டி வுட்டேன், அவரு மனசு ஆறட்டும்னு. போன ஊசிக்கு அவரு பட்ட பாட நான் பாத்தேன் மேடம். ஒண்ணுக்குப் போவக்கூட தூக்கினு போனேன். இன்னொரு தடவ அத என்னால பாக்க முடியாது."

"ஒரு மாதம் போதாதா? ஏன் மூன்று மாதமும்?"

"கவர்ல லாட் நம்பரு ஒவ்வொரு மாசமும் மாறிச்சே. புது லாட்னா புதுசா சாம்பிள் பாக்கணும்."

சிறு கூடம் எங்களுடையது. மாதாமாதம் புதிதாகத்தான் செய்கிறோம். தொகுதி எண் மாறத்தான் செய்யும்.

"நீங்க ஒருநாளும் சாம்பிள் எப்படி வந்துச்சுன்னு கேக்கலியேன்னுதான் எனக்கு யோசனையா இருந்துச்சு" என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். முதல் மாதம் ஒன்றும் இல்லை. இரண்டாவதுக்குப் பிறகு அடிக்கடி உடம்பு தீப்பிடிக்கிறது. உடனே வேர்த்துக் குளிர்ந்து போகிறது. தினமும் சவரம் செய்தவர் இப்போது வாரத்துக்கு ஒருமுறை செய்கிறார். பவானி போனில் சிரித்தால் முன்பு மனசுக்குள் என்னவோ ஆகும், இப்போது ஒன்றும் ஆவதில்லை. "அவ மேல கோவமும் இல்ல, வெறுப்பும் இல்ல. சும்மா இருக்கு. பயமா இருக்கு மேடம். நிறுத்திட்டா சரியாப் போய்டும்ல?"

மாத்திரை என்றால் நிறுத்தலாம், ஊசி மருந்து என்றால் இறங்கிப் போகும். இது இரண்டும் இல்லை, இது பாடம். அந்த உடம்புக்கு நாங்கள் ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டோம். அவர் தூங்கும்போதும் அது தன் சொந்தத் தூதனைத் தேடிப் பிடித்துக்கொண்டிருக்கும். எங்களால் அதை மறக்க வைக்க முடியாது. தானாக மறக்கும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். நாற்பத்தெட்டு வயதில், வெயிலில், ஒரு பாலத்தில் நின்று அழுவேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர்தான் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் காலை ஸ்டெல்லா தாமோதரனுக்கு ரத்தம் எடுத்தார். மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பினாங்கில் மற்ற எல்லோருடைய பழகு பிளாஸ்திரிகளையும் இன்னொரு முறை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவை ஒழுங்காக ரப்பரில் முறிந்திருந்தன. புதுப் பொட்டலங்களை நிறுத்தினார்கள். ஏழுமலைக்கு, அந்தப் பழைய வலி வராத வேறு வகை ஊசி ஒன்று இருக்கிறது, உடனே தொடங்கலாம் என்றார் மருத்துவர். "ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டோமே" என்று மேலாளர் போனில் சொன்னார். நான் போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு முழுக்க விடுதி அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, என் மேல்கையையே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் தடவினேன்.

நான்காம் நாள் அவருடைய ரத்த முடிவு வந்தது. தாளைக் கையில் வாங்கிய நிமிடத்தில் நான் உணர்ந்ததை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். சந்தோஷம். எங்கள் பரிசோதனையில் இருந்த அத்தனை பேரையும்விடத் தாமோதரனின் உடம்பு பாடத்தை நன்றாகப் படித்திருந்தது. பிளாஸ்திரி வேலை செய்கிறது, அற்புதமாக வேலை செய்கிறது. இரண்டு மூச்சு விடும் நேரம் நான் அவரை மறந்து அந்த எண்ணைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். தலை நிமிர்ந்தால் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழுமலையும் வந்திருந்தார். காலையில் மகன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். ஸ்டெல்லா எங்களை உள்ளே கூட்டிப்போனார். நான்கு நாற்காலி போட்ட சின்ன அறையில் உட்கார்ந்தோம்.

"இன்னும் எத்தினி நாளு மேடம்?" என்றார் தாமோதரன்.

"தெரியாது. சில மாதங்களில் இறங்க ஆரம்பிக்கலாம். வருஷமும் ஆகலாம். உங்கள் வயதில் யாருக்கும் இதை ஒட்டிப் பார்த்ததில்லை. மாதாமாதம் பார்த்துக்கொண்டே இருப்போம். நானும் வருவேன்."

"கொழந்த?"

"தெரியாது" என்றேன் மறுபடியும். அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லி என் வாய் கசந்தது. "பவானியிடம் நீங்கள் சொல்லியாக வேண்டும்."

"சொல்லிட்டேன். அழுதா. ஒரு நாளு டைம் குடுன்னா." என் கையிலிருந்த தாளைக் காட்டினார். "சாம்பிள் எப்படி வந்திருக்கு?"

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

"நன்றாக வந்திருக்கிறது."

அந்த நான்கு நாளில் தாமோதரன் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். வேலையில் ஒரு பெரிய லாட் தேறியதும் சிரிப்பாராக இருக்கும். அப்பாவின் பக்கம் திரும்பி, அவருடைய சட்டைக் கையை மடித்து மடித்து மேலே ஏற்றினார். "அப்ப நைனாவுக்கு ஒட்டலாம் மேடம். ஒண்ணும் பயம் இல்ல. வலி இல்ல. நான் பாத்துட்டேன்."

ஏழுமலை கையை இழுக்கவில்லை, சட்டையை ஏற்றவும் விட்டார். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டெஸ்ட் முடிஞ்சா சாம்பிள் துண்ட குப்பைல போட்டுடுவோம் மேடம்" என்றார். "நாப்பது வருஷமா என் கையாலதான் போட்டுனு இருக்கேன். இத எங்க போடச் சொல்றீங்க?"

அவருடைய இன்னொரு கை மகனின் தோளை இறுகப் பிடித்திருந்தது.